அரூப ஓவியத்தின் முன்னால் நிற்கும்போது மனசுக்குள் நடப்பது என்ன?

கோவையில் எந்த ஓவியக் கண்காட்சிக்குப் போனாலும் ஒரு கேள்வி காதில் விழும்: "இது என்னங்க?" மலையோ மாடோ மனுஷ முகமோ வரைந்திருந்தால் யாரும் அப்படிக் கேட்பதில்லை. நீலப் பரப்பின் மேல் கறுப்பாக ஒரு தீற்றல், ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான் படம் என்றால் கேள்வி வந்துவிடும். பதில் கிடைக்காவிட்டால் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்கள்.

கேட்பதில் தப்பில்லை. ஆனால் கேள்வி வாய்க்கு வருவதற்கு முன்பே இன்னொன்று நடந்துவிடுகிறது. படம் கண்ணில் பட்ட மாத்திரத்தில் உள்ளே ஏதோ அசைகிறது: ஒரு குளிர்ச்சி, ஒரு தவிப்பு, ஒரு பயம், சில சமயம் வெறும் எரிச்சல். அரூப ஓவியம் பேசுவது அந்த இடத்தோடுதான். அந்த அசைவைக் கவனிக்கப் பழகிவிட்டால் படம் மெல்லப் பிடிபடத் தொடங்கும். கலைக்கல்லூரிப் படிப்பெல்லாம் வேண்டாம். அதிலும் நூலும் சாயமும் தறியுமாகப் புழங்குகிற கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதற்கான கண் ஏற்கெனவே பாதி பழகியிருக்கிறது என்பது என் நம்பிக்கை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், அரூப ஓவியம் என்றால் என்ன? வெளியுலகில் இருக்கிற ஆளையோ பொருளையோ இடத்தையோ காட்டாமல், நிறம், கோடு, வடிவம், பரப்பு, வண்ணத்தின் தடிமன் இவற்றை மட்டுமே நம்பி நிற்கும் ஓவியம். சிலர் ஒரு மரத்தையோ மலையையோ எடுத்துக்கொண்டு, அடையாளமே தெரியாத அளவுக்குச் சுருக்கிக்கொண்டே போவார்கள். சிலர் எந்தப் பொருளையும் மனதில் வைக்காமல் நிறத்திலிருந்தே தொடங்குவார்கள். பார்க்கிற நமக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். பேர் சொல்லிக் கூப்பிட அங்கே ஒரு பொருள் இருக்காது.

ஸ்வீடன் நாட்டு ஹில்மா ஆஃப் கிளின்ட் என்ற பெண் ஓவியர் 1906-லேயே இப்படி வரைய ஆரம்பித்துவிட்டார். தான் இறந்து 20 வருஷம் ஆகும்வரை இந்தப் படங்களை வெளியே காட்டக் கூடாது என்று அவர் சொல்லிவைத்ததால், உலகத்துக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. 1915-ல் காசிமிர் மாலேவிச் ஒரு வெள்ளைப் பரப்பில் கறுப்புச் சதுரம் ஒன்றை மட்டும் வரைந்து மாட்டினார். இவர்களுக்கு நடுவில் வருகிறவர் வாசிலி காண்டின்ஸ்கி, ரஷ்யாவில் பிறந்து ஜெர்மனியில் இருந்து வரைந்தவர். அவருக்கு நேர்ந்த ஒரு சம்பவத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மியூனிக் நகரத்தில் ஒரு நாள் அந்தி நேரத்தில் தன் ஓவியக்கூடத்துக்குள் நுழைந்த காண்டின்ஸ்கி, சுவரோரம் இருந்த ஒரு படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். என்ன வரைந்திருக்கிறது என்று தெரியவில்லை. நிறங்களும் வடிவங்களும் மட்டும் உள்ளிருந்து ஒளிர்ந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் அது அவருடைய படமேதான், பக்கவாட்டில் திருப்பி வைத்திருந்தது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் அதே அனுபவத்தைத் திரும்பக் கொண்டுவர முயன்றார். பாதிதான் வந்தது. படத்தைத் திருப்பி வைத்தாலும் அதிலிருந்த பொருள்கள் அடையாளம் தெரிந்துகொண்டே இருந்தன. தன் படங்களுக்கு இடைஞ்சல் செய்வது அந்தப் பொருள்கள்தான் என்று அவருக்கு உறுதியாயிற்று. 1913-ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

இசை எந்தப் பொருளையும் காட்டாமலே மனசைத் தொடுகிறதே, நிறத்தால் மட்டும் ஏன் முடியாது என்பது காண்டின்ஸ்கியை விடாமல் துரத்திய எண்ணம். நமக்கு இது அந்நியமே இல்லை. மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டு, ராத்திரியில் பறையும் உருமியும் முழங்கும்போது, அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனாலும் கால் தானாக எடுத்து வைக்கிறது, உருமி இழுத்து முனகும்போது அடிவயிற்றில் என்னவோ செய்கிறது, சிலருக்கு அருளே வந்துவிடுகிறது. அந்த அடிக்கு என்ன அர்த்தம் என்று எந்த ஊரிலும் யாரும் கேட்டதில்லை. காதுக்குக் கொடுத்திருக்கிற இந்தச் சுதந்திரத்தைக் கண்ணுக்கும் கொடுங்கள் என்றுதான் அரூப ஓவியர்கள் கேட்கிறார்கள்.

ஆனால் கண் அவ்வளவு சுலபத்தில் சம்மதிக்காது. முதலில் வருகிற எரிச்சலுக்குக் காரணம் அதுதான். பெரும்பாலானவர்கள் அந்த இடத்திலேயே திரும்பிவிடுவதால், அதைப் புரிந்துகொள்வது முக்கியம்.

எதைப் பார்த்தாலும் இது யார், இது என்ன, நமக்கு ஆபத்தா என்று அடையாளம் காண்பது மூளையின் பிழைப்பு. 1944-ல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சின்னப் படம் தயாரித்தார்கள். பெரிய முக்கோணம் ஒன்று, சின்ன முக்கோணம் ஒன்று, ஒரு வட்டம், கதவு மாதிரி திறந்து மூடும் ஒரு செவ்வகம். இவை அங்குமிங்கும் நகரும், வேறு ஒன்றும் கிடையாது. பார்த்ததைச் சொல்லுங்கள் என்று 34 பேரிடம் கேட்டபோது, ஒரே ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்தன என்று வடிவக்கணக்காகச் சொன்னார். மற்றவர்கள் எல்லாம் கதை சொன்னார்கள்: பெரிய முக்கோணம் முரடன், சின்னது அவனை எதிர்த்துச் சண்டை போடுகிறது, வட்டம் பயந்து ஒளிகிறது.

இந்தச் சோதனை இரண்டு விஷயத்தைக் காட்டுகிறது. வெறும் முக்கோணத்துக்காகக்கூட நாம் கோபப்படுவோம், பயப்படுவோம். வடிவத்துக்கு உணர்வைக் கிளப்பும் சக்தி உண்டு. இன்னொரு பக்கம், எதைப் பார்த்தாலும் ஆளையும் கதையையும் தேடாமல் நம்மால் இருக்க முடியாது. அசையாத அரூப ஓவியத்தில் அந்தத் தேடலுக்குப் பிடி கிடைப்பதில்லை. கிடைக்காதபோது மூளை சலித்துக்கொள்கிறது, அந்தச் சலிப்பைத்தான் "படம் நல்லா இல்லை" என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். எரிச்சல் வந்தால் அதுவும் படம் உங்களுக்குள் எழுப்பிய உணர்வுதான், வரட்டும். இன்னும் இரண்டு நிமிஷம் நின்று பாருங்கள். தேடி அலுத்த கண் ஒரு கட்டத்தில் தேடுவதை விட்டுவிட்டு மேய ஆரம்பிக்கும். ஒரு நிறத்துக்கு அடியில் இன்னொரு நிறம் ஒளிந்திருப்பது, விளிம்பு ஓரிடத்தில் கத்தி வெட்டியதுபோலவும் இன்னோரிடத்தில் கரைந்தும் இருப்பது எல்லாம் அப்போதுதான் தெரியவரும். உணர்வும் அப்போதுதான் மாறத் தொடங்கும்.

இப்போது நிறத்துக்கு வருவோம். இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு நெருக்கமான ஒரு வரலாறு உண்டு. பாரிஸில் கோபெலின் என்ற அரசு நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். நூலில் கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்தால் மங்கலாகத் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார். அதில் ஒரு குறையும் இல்லை. மற்ற ஊர்க் கறுப்போடு ஒப்பிட்டும் பார்த்தார். கடைசியில் கண்டுபிடித்தது இதுதான்: நூலில் குற்றமில்லை, பக்கத்தில் இருக்கிற நிறம்தான் அந்தக் கறுப்பை அப்படிக் காட்டுகிறது. இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒன்றையொன்று மாற்றிவிடும். இதை விரிவாக ஆராய்ந்து 1839-ல் ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார். ஐரோப்பிய ஓவியர்கள் அதைப் படித்தார்கள். ராபர்ட் டெலோனே போன்ற முதல் தலைமுறை அரூப ஓவியர்கள் இந்த விதியை வைத்தே நிறங்களை மோதவிட்டு வட்டவட்டமாக வரைந்தார்கள். சாயப்பட்டறையில் வந்த ஒரு புகார்தான் அரூப ஓவியத்துக்கு அடித்தளம் போட்ட விஷயங்களில் ஒன்று!

இதைக் கண்ணால் பார்க்க அருங்காட்சியகம் போக வேண்டியதில்லை. வீட்டில் பவானி ஜமக்காளம் இருந்தால் எடுத்து விரியுங்கள். பூவோ மயிலோ இல்லாத, வெறும் பட்டை பட்டையான ஜமக்காளமாக இருந்தால் நல்லது. சிவப்புப் பட்டையை மட்டும் பாருங்கள். பச்சைக்குப் பக்கத்தில் அது துள்ளிக்கொண்டு முன்னால் வரும், இரண்டும் சேரும் விளிம்பு கண்ணைக் கூசும். அந்தப் பச்சையை ஒரு வெள்ளைத் துண்டால் மூடிவிட்டுப் பாருங்கள், அதே சிவப்பு அடங்கிப்போயிருக்கும். இப்போது உடம்பைக் கவனியுங்கள். துள்ளியபோது உள்ளுக்குள் ஒரு சின்ன உற்சாகமோ பரபரப்போ இருந்ததா? மூடியதும் அது தணிந்ததா? இருந்தால், அரூப ஓவியம் தருகிற அனுபவத்தின் முதல் படி அதுவே. பந்தி விரித்து உட்காரும்போது நாம் இதைக் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பெரியப்பா திருப்பூரில் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தவர். பார்ட்டி கொடுத்த ஷேடுக்கு லேப் டிப் (மாதிரிச் சாயம்) போட்டு, விதவிதமான விளக்குகள் உள்ள லைட் பாக்ஸுக்குள் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே அவர் வாழ்க்கை. பகல் வெளிச்ச விளக்கில் ஒத்துப்போகிற இரண்டு துணி, கடை விளக்கைப் போட்டதும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். அந்த நூலிழை வித்தியாசம் அவர் கண்ணுக்குத் தப்பாது. அவரை ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப் போயிருந்தேன். கருநீலமும் கறுப்புமாக ஆளுயரப் படம் ஒன்று. அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இந்த நீலம் சுத்த நீலம் இல்லீங் கண்ணு. உள்ளாற ரெட்டிஷ் ஓடுது பாரு" என்றார்.

"எங்கீங் பெரீப்பா? எனக்குத் தெரியலைங்களே."

"கறுப்புக்குப் பக்கத்துல பாரு. அங்கதான் எட்டிப் பாக்குது."

பார்த்தேன். கறுப்பை ஒட்டிய விளிம்பில், நீலத்துக்கு அடியில் அரக்கு நிறம் ஒரு நூல் அளவு கசிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு படமே மாறிவிட்டது. அதுவரை குளிர்ந்த ராத்திரிபோல இருந்தது, இப்போது அடியில் ஏதோ கனன்றுகொண்டிருப்பதுபோல இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. அவர் முகம் மட்டும் வாடியிருந்தது. "நொய்யல்ல தண்ணி இந்தக் கலர்லதான் போச்சு சாமி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டதும், 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் கொங்குப் பகுதியில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தப் படத்தை வரைந்தவருக்கு நொய்யலைப் பற்றித் தெரிந்திருக்குமா என்பதுகூட இங்கே முக்கியமில்லை. ஒரே படத்தின் முன்னால் ஒரே நேரத்தில் நின்ற இரண்டு பேரில் ஒருவருக்குக் கிளர்ச்சி, இன்னொருவருக்குத் துக்கம். இரண்டும் நிஜம். இரண்டுக்கும் காரணம் நீலத்துக்கு அடியில் இருந்த அந்த அரக்குதான்.

நினைவாற்றல் பற்றிய ஆராய்ச்சிக்காக 2000-ல் நோபல் பரிசு வாங்கிய எரிக் கேண்டல், அரூப ஓவியத்தையும் மூளையையும் பற்றி 2016-ல் ஒரு நூல் எழுதினார். அதன் சாரம் ஏறக்குறைய இதுதான்: உருவம் உள்ள படத்தில் கண்ணுக்குக் கிடைக்கிற தகவலே பெரும்பாலான வேலையைச் செய்துவிடுகிறது. அரூபப் படத்தில் தகவல் குறைவு என்பதால், மிச்சத்தை நிரப்ப மூளை நம்முடைய நினைவு, அனுபவம், உணர்ச்சி எல்லாவற்றையும் உள்ளேயிருந்து இழுத்து வருகிறது. பார்க்கிறவரின் பங்கு அங்கே கூடுதல். இதனால்தான் சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் அமைதி என்று இணையத்தில் சுற்றுகிற பட்டியல்களை நான் நம்புவதில்லை. மஞ்சள் மண்டியில் வளர்ந்த ஈரோட்டுக்காரருக்கு மஞ்சள் நிறத்தோடு இருக்கிற உறவு வேறு யாருக்கும் இருக்காது.

அப்படியானால் எல்லாமே அவரவர் மனசுதானா, எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாமா என்றால், அதுவும் கிடையாது. கோட்டுக்கும் வடிவத்துக்கும் எல்லாருக்கும் பொதுவான ஒரு பாஷை ஓரளவு உண்டு. 1929-ல் வொல்ஃப்காங் கோலர் என்ற உளவியலாளர் கூரான முனைகள் கொண்ட ஒரு வடிவத்தையும் உருண்டு நெளிந்த ஒரு வடிவத்தையும் காட்டி, அர்த்தமில்லாத இரண்டு பேரில் எது எதற்குப் பொருந்தும் என்று கேட்டார். 2001-ல் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் 'கிக்கி', 'பூபா' என்ற பேர்களை வைத்து இதையே செய்தபோது, 95 சதவீதம் பேர் கூரானதைக் கிக்கி என்றார்கள். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். கூர்முனை உடம்பில் ஒரு மாதிரி உறைக்கிறது, வளைவு வேறு மாதிரி உறைக்கிறது.

கோட்டில் அதை இழுத்த கையின் வேகமும் அழுத்தமும் தங்கிவிடும் என்பதும் உண்டு. கோயம்புத்தூரில் 1911-ல் பிறந்து, பிற்பாடு சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-ல் உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களைப் பார்த்தால் இது புரியும். எழுத்துபோலவே இருக்கும், கட்டம் கட்டி ஜாதகம்போல இருக்கும், கணக்குப் போட்டதுபோல இருக்கும், ஆனால் வாசிக்க முடியாது. வாசிக்க முடியாத நிலையிலும் அந்த நெருக்கமான வரிகளில் ஒரு அவசரம், ஒரு ரகசியம், யாரோ எதையோ நமக்குச் சொல்லிவிடத் துடிக்கிற தவிப்பு எல்லாம் வந்து சேரும். பழைய ஓலையோ தாத்தாவின் கணக்கு நோட்டோ கையில் கிடைத்தவர்களுக்கு இந்த உணர்வு இன்னும் கிட்டத்தில் இருக்கும்.

அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃபோனில் பார்த்துவிட்டு அரூப ஓவியம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, வருத்தம்தான் வருகிறது. உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிய படத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ, ஆளை விழுங்குகிற அளவுக்குப் பெரிய துணியில் இரண்டு மூன்று செவ்வகங்களை மட்டும் வரைவார். மெல்லிய வண்ணத்தைப் படலம் படலமாகப் பூசுவார், விளிம்புகள் மூச்சு விடுவதுபோலக் கலங்கி நிற்கும். பார்க்கிறவர்கள் ஒன்றரை அடி தூரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அவ்வளவு கிட்ட நின்றால் படத்தின் ஓரம் கண்ணுக்குத் தெரியாது. நாம் படத்தைப் பார்ப்பது போய், அதற்குள் நிற்பதாக ஆகிவிடும். அவர் படங்களின் முன்னால் அழுதவர்கள் உண்டு. தான் வரையும்போது அனுபவித்த ஆன்மிகப் பரவசத்தையே அழுகிறவர்களும் அனுபவிக்கிறார்கள் என்பது ராத்கோவின் கருத்து. அவருடைய 14 ஓவியங்கள் சூழ்ந்த ஒரு வழிபாட்டுக் கூடம், அவர் இறந்ததற்கு மறுவருஷம், 1971-ல் ஹூஸ்டன் நகரத்தில் திறக்கப்பட்டது. அங்கே சும்மா உட்கார்ந்திருப்பதற்காகவே ஆட்கள் வருகிறார்கள்.

இந்த மலைப்பைத் தமிழ் இலக்கணம் என்றைக்கோ எழுதி வைத்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உணர்வுகளை எட்டாக வகுக்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இதில் மருட்கை என்கிற வியப்பு நான்கு காரணத்தால் பிறக்கும் என்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இதுவரை காணாதது, அளவில் மிகப் பெரியது, மிக நுணுக்கமானது, ஒன்று இன்னொன்றாக மாறுவது. அரூப ஓவியத்தின் முன்னால் நிற்க எனக்குத் தெரிந்த நல்ல வழிகாட்டி இந்த நான்குதான். காணாத ஒரு நிறச் சேர்க்கை, நம்மைச் சின்னதாக்கும் பரப்பு, கிட்டப் போனால்தான் தெரிகிற நூல் அளவு கசிவு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் கனலாக மாறுவது. ஒரு படத்தில் இவற்றில் எது உங்களைத் தொடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். "இது என்னங்க" என்ற கேள்வியைவிட இது வெகுதூரம் கூட்டிப் போகும்.

"இதை எங்க வீட்டுக் குழந்தையே வரைஞ்சிருமே" என்பது அடிக்கடி வருகிற இன்னொரு பேச்சு. 2011-ல் ஏஞ்சலினா ஹாலி-டோலன், எலன் வின்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பேர்பெற்ற அரூப ஓவியர்களின் படங்களையும், அவற்றைப் போலவே தோன்றுகிற குழந்தைகள், குரங்குகள், யானைகள் வரைந்த படங்களையும் ஜோடி ஜோடியாகக் காட்டினார்கள். சில ஜோடிகளில் பேரை வேண்டுமென்றே மாற்றி ஒட்டினார்கள். அப்படியிருந்தும், ஓவியம் படிக்காதவர்கள்கூட ஓவியரின் படத்தைத் தேர்ந்தெடுத்தது குருட்டாம்போக்கில் கிடைக்கக்கூடிய பாதியைவிடத் தெளிவாக அதிகம். அந்தப் படங்களில் ஒரு யோசனை, ஒரு தீர்மானம் இருப்பதை அவர்களால் உணர முடிந்தது. நாக்பூரில் பிறந்த அரூப ஓவியர் வி.எஸ். கைதோண்டே உருளையாலும் கத்தியாலும் வண்ணத்தைப் பூசிப் பூசி வழித்து, வருஷத்துக்கு ஒரு சில படங்களே முடிப்பார். 2014-ல் நியூயார்க்கின் குகென்ஹைம் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சியே நடத்தியது. அவர் படத்தில் இருக்கிற நிசப்தம் தற்செயலாக வந்துவிடாது.

எல்லா அரூபப் படமும் உங்களைத் தொட வேண்டும் என்றில்லை. மோசமான அரூப ஓவியங்கள் நிறையவே உண்டு, ஹோட்டல் வரவேற்பறைச் சோபாவுக்குப் பொருத்தமாக அச்சடித்து மாட்டியவையும் உண்டு. ஐந்து நிமிஷம் நின்றும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் தாராளமாக நகர்ந்துவிடுங்கள். கண்காட்சியில் இருக்கிற அத்தனையையும் பார்த்து முடிக்க நினைக்க வேண்டாம், பிடித்த ஒன்றிரண்டுக்கு நேரம் கொடுங்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கிற தலைப்பைப் பிறகு படியுங்கள். தூரத்தில் நின்று பார்த்தபின் கிட்டப் போய்ப் பாருங்கள், பக்கவாட்டிலிருந்தும் ஒரு தடவை பாருங்கள், வண்ணத்தின் மேடு பள்ளம் அப்போதுதான் தெரியும். கூட வந்தவரிடம் பேசுவதானால், என்ன புரிந்தது என்று கேட்காமல், கண் முதலில் எங்கே போனது, எங்கே போய் நின்றது என்று கேளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், கோவை அவிநாசி ரோட்டில் இருக்கிற கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்தைச் சொல்வேன். ஓவியக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. முதலில் துணிகளின் பக்கம் போய்க் கண்ணை நிறத்துக்குப் பழக்கிக்கொண்டு, அதன்பிறகு ஓவியங்களின் பக்கம் வாருங்கள். ஓவியர்கள் கண்காட்சி போடுகிற நாட்களில் போனால், வரைந்தவரே அங்கே இருக்க வாய்ப்பு உண்டு. எந்த நிறத்தை முதலில் பூசினீர்கள், எதை அழித்தீர்கள் என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.